சவரிமுத்து உண்மையாகத் தோற்ற ஆட்டம்

பார்த்து இறக்குங்க தம்பி, வாசப்படி உயரம். டி.வி. மாதிரி இருக்கிறது அந்தப் பெரிய பெட்டிக்குள்ளயா? சரி சரி, நேரா உள் ரூமுக்குக் கொண்டு போயிடுங்க. மேஜையை காலி பண்ணி வச்சிருக்கேன். பங்கஜம், தம்பிக்கு ஒரு காபி போடு. சர்க்கரை போடலாம்ல?

முதல்ல ஒண்ணு சொல்லிடுங்க. இந்தக் கம்ப்யூட்டர் பென்டியம்தானே? பில்லுல அப்படித்தான் போட்டிருக்கு, இருந்தாலும் உங்க வாயால கேட்டா ஒரு திருப்தி. அடுத்த வீட்டுல இருக்கிறது பழைய ஃபோர் எய்ட்டி சிக்ஸ். அதைவிட இது வேகம்தானே? எத்தனை மடங்கு? ரெண்டா, மூணா? மூணுக்கு மேலயேவா! அப்படிச் சொல்லுங்க. செஸ் போட்டுக் கொடுத்துடுவீங்கள்ல? அதுக்குத்தான் வாங்கியிருக்கேன். வேற ஒண்ணுக்கும் இல்ல. இந்த வயசுல லெட்டர் டைப் அடிச்சு நான் யாருக்கு அனுப்பப் போறேன்?

சிரிக்காதீங்க. வயரெல்லாம் மாட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும்னு கடையில சொன்னாங்க. நீங்க பாட்டுக்கு வேலையைப் பாருங்க, நான் பாட்டுக்குச் சொல்றேன்.

அடுத்த வீட்டுக்காரன் பேரு சவரிமுத்து. ரெண்டு பேரும் ரயில்வே ஒர்க்‌ஷாப்தான். நான் வீல் ஷாப், அவன் ஸ்டோர்ஸ். ஸ்டோர்ஸ்னு பேருதானே தவிர, அவனுக்கு வேலை கிடைச்சது செஸ்ஸால. ஸ்போர்ட்ஸ் கோட்டா. ரெண்டு தடவை ஸ்டேட் சாம்பியன். வெளிநாட்டுலேருந்து ஒரு கிராண்ட்மாஸ்டர் மெட்ராஸுக்கு வந்து ஒரே நேரத்துல முப்பது பேரோட ஆடினாரு. இருபத்தேழு பேர் காலி. டிரா பண்ணின மூணு பேர்ல சவரி ஒருத்தன். பேப்பர்ல போட்டோ வந்தது. பாதி மூஞ்சிதான் தெரிஞ்சுது, ஆனா வந்தது.

அப்படிப்பட்டவன் இருபத்திரெண்டு வருஷமா தினமும் சாயங்காலம் அஞ்சரைக்கு யாரோட உட்கார்ந்து ஆடினான்னு நினைக்கிறீங்க? என்னோடதான். கோதண்டபாணியோட. பாணி பாணின்னு கூப்பிட்டுக்கிட்டு வந்துடுவான். வேலையில இருந்த வரைக்கும் எங்க ரயில்வே கிளப் இருக்கே, அந்த இன்ஸ்டிட்யூட்ல, ரிடையர் ஆனப்புறம் எங்க வீட்டு வராந்தாவுல. அவனோட ஒரே ஒரு ஆட்டம் ஆட மாட்டமான்னு ஏங்கினவங்க எத்தனை பேர் தெரியுமா? எஞ்சினியருங்க, டாக்டருங்க, காலேஜ் புரொபசருங்க. எல்லாரும் சுத்தி நின்னு வேடிக்கை பார்ப்பாங்க. உட்கார்ந்து ஆடுறது நான்.

தோப்பேன். அதுல என்ன இருக்கு? ஸ்டேட் சாம்பியன்கிட்ட தோக்குறது ஒரு தோல்வியா? ஆனா ஒண்ணரை மணி நேரம் நிப்பேன் தம்பி. அந்த புரொபசர் ஒரு தடவை ஆடினாரு, இருபது நிமிஷத்துல எழுந்து போனாரு. நான் ஒண்ணரை மணி நேரம். ஒரு நாள், ரெண்டு நாள் இல்ல, இருபத்திரெண்டு வருஷம்.

ஜெயிச்சும் இருக்கேன். பதினோரு தடவை. தேதி போட்டு டைரியில எழுதி வச்சிருக்கேன். சார்ஜ்மேன் பிரமோஷன் லிஸ்ட்ல என் பேரு இல்லாமப் போன அன்னைக்கு ஒரு ஆட்டம். எங்கப்பா காரியம் முடிஞ்சு பதினேழாம் நாள் ஒண்ணு. என் பொண்ணுக்குப் பேசி முடிச்ச சம்பந்தம் தட்டிப் போச்சே, அன்னைக்குச் சாயங்காலம் நான் ஆடின ஆட்டம் இருக்கே, அப்பா! அவன் யானையைச் சும்மா தூக்கினேன். எனக்கு ஒரு விசேஷம், மனசு ரொம்ப நொந்து போயிருந்தா மூளை கத்தி மாதிரி வேலை செய்யும். எல்லாருக்கும் அப்படி அமையாது. சவரியே சொல்லுவான், "இன்னைக்கு உன்கிட்ட நெருங்க முடியலடா பாணி"ன்னு. சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பான்.

அந்த ஸ்விட்ச் வேலை செய்யாது, பக்கத்துல இருக்கிறதுல போடுங்க.

எங்க விட்டேன்? ஆங். மூணு வருஷம் முன்னாடி பெங்களூர்லேருந்து அவன் மக ஜெசிந்தா ஒரு மிஷினை அனுப்பினா. அப்பாவுக்குப் பொழுது போகணுமாம். நான் ஒருத்தன் இருக்கிறது அந்தப் பொண்ணுக்கு மறந்து போச்சு போல. அது முதல் மிஷின், த்ரீ எய்ட்டி சிக்ஸ். சவரி நாலு நாள் ஆடினான், நாலு நாளும் அதை அடிச்சுத் துவைச்சுட்டு வந்தான். "கணக்கு நல்லாப் போடுதுடா, ஆனா எங்க போறோம்னு தெரியாமப் போகுது"ன்னான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்னைக்கு நானே கடைக்குப் போய் அவனுக்குப் பக்கோடா வாங்கிட்டு வந்தேன்.

போன வருஷம் அந்தப் பொண்ணு பழசை எடுத்துட்டு ஃபோர் எய்ட்டி சிக்ஸை வச்சுட்டுப் போனா. அங்கதான் என் குடி கெட்டது. வந்த மூணாம் நாள், நான் துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன், சவரி ஓடி வரான். செருப்புகூடப் போடல. "பாணி, தோத்துட்டேன்டா! நாப்பத்திரெண்டாவது மூவ்ல மேட் பண்ணிடுச்சுடா!" முகமெல்லாம் பல்லு. தம்பி, என்கிட்ட பதினோரு தடவை தோத்திருக்கான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட அந்த முகத்தை நான் பார்த்ததில்ல. தோத்ததுக்கு எவனாவது இவ்வளவு சந்தோஷப்படுவானா? எனக்கு வயிறு எரிஞ்சுது. ஒளிச்சு வைக்கிறதுக்கு என்ன இருக்கு, எரிஞ்சுது.

அப்புறம் அஞ்சரை ஆறாச்சு. ஆறு ஆறரையாச்சு. வந்து உட்கார்ந்தாலும் ஆள்தான் இங்க, நெனப்பு அங்க. நான் ஒரு காயை நகர்த்தினா, "நேத்து அது இந்த இடத்துல என்ன பண்ணுச்சு தெரியுமா?"ம்பான். அது, அது, அது! அதுக்கு ஒரு பேருகூடக் கிடையாது, ஆனா வாயைத் திறந்தா அதான். அப்புறம் வாரத்துல ரெண்டு நாள் வர்றதில்ல. கொல்லையில துணி எடுக்கிற சாக்குல நின்னு அவன் ஜன்னலைப் பார்த்திருக்கேன். ஆமா, பார்த்தேன். அந்த வெளிச்சத்துல உட்கார்ந்து கன்னத்துல கை வச்சுக்கிட்டு இருப்பான். பங்கஜம் கேட்டா, "காயாத துணியை எத்தனை தடவை தொட்டுப் பார்ப்பீங்க?"ன்னு. அவளுக்கு எதுக்கு இந்த வேலை!

இன்ஸ்டிட்யூட்ல இதே பேச்சுதான் அப்ப. மிஷின் மனுஷனை ஜெயிக்குமா, ஜெயிக்காதா? நான் அடிச்சுச் சொன்னேன், நடக்காதுன்னு. அது கூட்டல் கழித்தல் போடுற சாமான். வேகமா போட்டா அது யோசனை ஆயிடுமா? சீக்கிரமா சாப்பிடுறவன் நல்லா சமைக்கிறவன்னு சொல்லுவீங்களா? எல்லாரும் கை தட்டினாங்க. சவரி மட்டும் நிதானமா சொன்னான்: "வேகம் ரெட்டிப்பானா அது இன்னும் கொஞ்சம் தூரம் பார்க்குதுடா. அடுத்த வருஷம் இன்னொரு மடங்கு, இன்னும் கொஞ்ச தூரம். உலகத்துல மேல இருக்கிற பத்துப் பேரை வீட்டு மிஷினால இப்பத் தொட முடியாது. ஆனா என்னை மாதிரி ஆளுங்களைத் தாண்டிக்கிட்டு இருக்கு. தாண்டுறப்ப பக்கத்துல நின்னு பார்க்கக் கொடுத்து வச்சிருக்கணும்." கொடுத்து வச்சிருக்கணுமாம்! எனக்கு வந்த ஆத்திரத்துல எழுந்து போய்த் தண்ணி குடிச்சுட்டு வந்தேன்.

எங்க செக்ரட்டரி தங்கவேலுக்கு உடனே ஒரு யோசனை. ஆண்டு விழாவுல சவரிக்கும் சவரி மிஷினுக்கும் எல்லார் முன்னாடியும் ஒரு ஆட்டம். மிஷினுக்குக் கை கிடையாதே, போர்டுல காயை நகர்த்த ஒரு ஆள் வேணும். ஸ்க்ரீன்ல அது என்ன ஆடுதோ அதைப் பார்த்து போர்டுல வைக்கணும், சவரி ஆடுறதைத் திரும்ப மிஷின்ல ஏத்தணும். யார் செய்யறதுன்னு கேட்டாங்க. நான்தான் கையைத் தூக்கினேன். வேற எவனாவது சவரிக்கு எதிர்ல உட்காருறதா? அது என் நாற்காலி.

ஜெசிந்தாவே வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தா. எந்தப் பட்டனைத் தட்டணும், எங்க பார்க்கணும்னு. ரெண்டே நாள்ல புடிச்சுக்கிட்டேன். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், நீங்க போனப்புறம் போன் மேல போன் போட மாட்டேன்.

அன்னைக்கு நூறு பேருக்கு மேல கூட்டம். உட்கார்ந்தோம். இருபத்திரெண்டு வருஷமா உட்கார்ற மாதிரியே எதிரும் புதிருமா. ஆனா அவன் என்னைப் பார்க்கவே இல்ல தம்பி. கண்ணு போர்டுல இருக்கும், இல்லேன்னா அந்தப் பெட்டியில இருக்கும். நடுவுல நான் ஒருத்தன் உட்கார்ந்திருக்கேன். கிரேன் மாதிரி தூக்கித் தூக்கி வைக்கிறேன். முப்பது மூவ் போச்சு, என் பக்கம் நல்லா இருக்கு. சுத்தி நின்னவங்க, "பாணி பக்கம் பலமா இருக்கே"ங்கிறாங்க. என் வாழ்க்கையில முதல் தடவையா சவரியை நெருக்கிக்கிட்டு இருக்கேன், அது நான் இல்ல. இந்தக் கஷ்டம் உங்களுக்குப் புரியுதா?

முப்பத்தி நாலாவது மூவ். நடுவுல ஜம்முனு நிக்கிற குதிரையை இழுத்துப் பின்னாடி மூலையில வைன்னு ஸ்க்ரீன்ல வருது. எவனாவது ஜெயிக்கிற நேரத்துல பின்னாடி போவானா? எனக்குத் தோணுச்சு, கரண்ட் ஏறி இறங்கினதுல மிஷினுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு. எதிர்ல பார்த்தா ராணியைக் கொண்டுபோய் வச்சா அழகா ஒரு செக் இருக்கு. மிஷினோட நல்லதுக்குத்தான் செஞ்சேன். ராணியை எடுத்து வச்சு, "செக்"குன்னேன். கொஞ்சம் சத்தமா.

சவரி அப்பத்தான் நிமிர்ந்தான். ஒண்ணரை மணி நேரத்துல முதல் தடவையா என் மூஞ்சியைப் பார்க்கிறான்.

"இது மிஷின் ஆடினது இல்ல."

"ஸ்க்ரீன்ல வந்ததைத்தானே வைக்கிறேன்"னேன்.

"மிஷின் சும்மா செக் கொடுக்காது பாணி. செக் கிடைச்சா கொடுத்தே தீருவேன்னு நிக்கிறவன் இந்த ஊர்லயே ஒருத்தன்தான். உன் ஆட்டம் எனக்குத் தெரியாதா? இருபத்திரெண்டு வருஷமா அதுக்குத் தகுந்தாப்புல குறைச்சுக் குறைச்சு ஆடி, என் கையே கெட்டுப் போச்சுடா! இன்னைக்கு ஒரு நாளாவது என்னை ஆட விடேன்!"

நூறு பேர் முன்னாடி. சொன்னதும் அவனே நாக்கைக் கடிச்சுக்கிட்டான். ஆனா வந்தது வந்ததுதானே. கூட்டத்துல யாரோ சிரிச்சாங்க. தங்கவேலு வந்து ஸ்க்ரீனைப் பார்த்தாரு, ராணியை எடுத்துப் பழைய இடத்துல வச்சாரு, குதிரையை மூலையில வச்சாரு. அதுக்கப்புறம் ஸ்க்ரீன்ல வந்ததை வந்தபடியே வச்சேன். கை மட்டும் வேலை செஞ்சுது. அம்பத்தி ஏழாவது மூவ்ல சவரி தோத்தான். ஆட்டம் முடிஞ்சா எதிர்ல இருக்கிறவனுக்குக் கை கொடுக்கணும்ல, எழுந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினான். குலுக்கினது என் கையை, பார்த்துச் சிரிச்சது ஸ்க்ரீனை. கண்ணுல தண்ணி அவனுக்கு. சந்தோஷத் தண்ணி.

வீட்டுக்கு வந்து டைரியை எடுத்தேன். பதினோரு தேதியையும் பார்த்தேன். பக்கத்துல அன்னன்னைக்கு வீட்டுல என்ன நடந்ததுன்னும் எழுதியிருக்கேன். பிரமோஷன். எங்கப்பா. பொண்ணு சம்பந்தம். பங்கஜத்துக்கு ஆபரேஷன். பதினொண்ணும் அப்படித்தான். ஒண்ணுகூட நல்ல நாள் இல்ல. அவ்வளவுதான், அதுக்கு மேல எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

பங்கஜம் என்ன சொன்னா தெரியுமா? "எவ்வளவு பெரிய மனசு அவருக்கு"ங்கிறா. பெரிய மனசாம்! எனக்கு என்ன பிச்சை போட்டானா? அந்தப் பெட்டிக்கிட்ட தோத்தானே, அது தோல்வி. முழு பலத்தையும் கொடுத்துத் தோத்தான். எனக்கு அதைக் கொடுத்தானா? நேத்து வந்த சாமானுக்கு இருக்கிறதையெல்லாம் கொடுக்கிறான், இருபத்திரெண்டு வருஷம் கூட இருந்தவனுக்கு மிச்சம் மீதி. எந்தப் பொண்டாட்டியாவது பொறுத்துக்குவாளா? சரி, தப்பா நினைக்காதீங்க, ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.

மறுநாள் காலையிலயே அவன் வீட்டுக்குப் போனேன். "அதுகிட்ட ஆடுற மாதிரி என்கிட்ட ஆடு"ன்னேன். "வேண்டாம்டா"ன்னான். "ஆடு"ன்னேன். "ஏதோ வாய் தவறிச் சொல்லிட்டேன், விடுடா"ன்னான். நான் விடல. போர்டை எடுத்து நானே அடுக்கினேன். ஆடினான் தம்பி. மூணு ஆட்டம். மூணும் சேர்ந்து முப்பத்தஞ்சு நிமிஷம். மூணாவது ஆட்டம் எட்டே நிமிஷம், என் காபி ஆறக்கூட இல்ல. எதிர்ல உட்கார்ந்து அந்த முகத்தை அதுக்கு முன்னாடி நான் பார்த்ததே கிடையாது. பேச்சில்ல, சிரிப்பில்ல, யாரோ ஒருத்தன் மாதிரி இருந்தான். ஜன்னல் வழியா மிஷினுக்கு முன்னாடி பார்த்தேனே, அந்த முகம். "போதுமா?"ன்னான். "இன்னொண்ணு"ன்னேன். காயெல்லாம் அள்ளிப் பெட்டியில போட்டுட்டு, "இதுக்குத்தான்டா ஆடாம இருந்தேன்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டான்.

இன்னையோட இருபத்திமூணு நாள் ஆச்சு. பேச்சு வார்த்தை கிடையாது. அவன் தினமும் அஞ்சரைக்குக் கேட்டுல வந்து நின்னு கூப்பிடுறான். பங்கஜம் போய், "வெளிய போயிருக்காரு"ங்கிறா. நான் இங்க கட்டில்ல உட்கார்ந்திருக்கேன். அவன் ரெண்டு நிமிஷம் நின்னுட்டுப் போறான். என் செருப்பு வாசல்லயே கிடக்கிறது அவனுக்குத் தெரியாதா என்ன?

அதான் இதை வாங்கினேன். ஆறு மாசம் இதோட உட்கார்ந்து ஆடப் போறேன். அவன் மிஷினைவிட மூணு மடங்கு வேகம்னு நீங்களே சொல்லிட்டீங்க. அவனுக்கு இல்லாதது எனக்கு ஒண்ணு இருக்கணும்ல. இதுல கத்துக்கிட்டுப் போய், அவன் முழு பலத்தோட ஆடுறப்ப ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவனை உண்மையா அடிக்கணும். பங்கஜம் தலையில அடிச்சுக்கிறா. "எந்தச் சனியனைப் பார்த்து வயிறு எரிஞ்சீங்களோ, அதையே வீட்டுக்குக் கொண்டு வந்துட்டீங்களே"ங்கிறா. இது வேற, அது வேற. அவளுக்குப் புரியாது.

ஓ, வந்துடுச்சா! போர்டு நல்லா கலரா இருக்கே. அவனுக்கு இவ்வளவு கலர் கிடையாது. என்னது, லெவலா? பன்னிரண்டு லெவலா? எதுல வைக்கிறதுன்னா... ஒண்ணுலயா? என்னைப் பார்த்தா ஒண்ணு மாதிரியா தெரியுது? பன்னிரண்டு வேண்டாம், அது எட்டு நிமிஷத்துல முடிச்சுடும். ஒண்ணு கேக்கிறேன் தம்பி, ஒரு ஆட்டம் ஒண்ணரை மணி நேரம் நிக்கணும்னா எந்த லெவல்? உங்களுக்குத் தெரியாதா? சரி, நாலுல வைங்க. பார்ப்போம். மனசுக்குக் கஷ்டமா இருக்கிற அன்னைக்கு விட்டுக் கொடுக்கிற மாதிரி ஏதாவது இதுல... இல்ல இல்ல, கேட்கல. அதெல்லாம் எனக்கு எதுக்கு?

இருங்க. கேட் திறக்கிற சத்தம் கேட்டுச்சா? பங்கஜம்! யாரு? என்னது, நீ சொல்லச் சொல்லக் கேட்காம உள்ள வந்துட்டானா?

தம்பி, நீங்க ஜன்னல் பக்கம்தானே இருக்கீங்க, கொஞ்சம் எட்டிப் பாருங்க. வராந்தாவுல கட்டம் போட்ட சட்டை போட்டு ஒருத்தன் உட்கார்ந்திருக்கானா? என்ன பண்றான்? காய் அடுக்குறானா? கூப்பிடாமலே உட்கார்ந்து அடுக்குறானா? திமிரு. நல்லாப் பாருங்க, வெள்ளைக் காய் எந்தப் பக்கம் இருக்கு? அவன் எப்பவும் எனக்குத்தான் வெள்ளையைக் கொடுப்பான். வெள்ளைக்கு முதல் ஆட்டம், ஆட வராதவனுக்குக் கொடுக்கிற சலுகை அது. இருபத்திரெண்டு வருஷமா வாங்கிக்கிட்டேன். எந்தப் பக்கம்? அவன் பக்கமா? வெள்ளையை அவன் வச்சுக்கிட்டானா? இன்னொரு தடவை பாருங்க.

அப்ப சரி.

சட்டை எங்க? பங்கஜம், ரெண்டு காபி. தம்பி, இதை எப்படி அணைக்கிறது? சீக்கிரம் அணைங்க. கட்டில் மேல ஒரு போர்வை இருக்கு பாருங்க, அதை எடுத்து மேல போட்டுடுங்க, நல்லா கீழ வரைக்கும் மறையணும். கேட்டா ஃபேன் ரிப்பேருக்கு வந்தேன்னு சொல்லுங்க. நான் வேற ஒண்ணோட உட்கார்ந்து ஆடுறேன்னு தெரிஞ்சா அவன் தாங்க மாட்டான்.